கல்லுமேட்டின் மூன்றாவது அறை

என் தலைச்சன் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்பது முப்பது வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. பெண் பிள்ளை. ஒரு பகல் உயிரோடு இருந்தாளாம். ஐப்பசி அடைமழையில் வலி எடுத்து, என்னைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பெருமாள்மலைக்கு முன்னாலேயே பாறை உருண்டு ரோட்டை மறித்துக் கிடந்தது. ஜீப்பைத் திருப்பிப் பண்ணைக்காட்டுக்கே கொண்டுவந்து, வீட்டில்தான் பிள்ளை பிறந்தது. எனக்கு ஜன்னி கண்டுவிட்டது. தெளிந்து கண் திறந்தபோது மூன்று நாள் போயிருந்தது. மார்பில் பால் கட்டி வலித்தது. பிள்ளையை நான் பார்க்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. தலைச்சன் பிள்ளை செத்தால், மை வைக்கிற மந்திரவாதி குழியைத் தோண்டி மண்டையோட்டை எடுத்துப் போவான் என்பார்கள். அதனால் தகப்பன் மட்டும் தனியாகத் தூக்கிப் போய், ஆளுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டு வருவான். இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. பெற்றவளிடம் சொல்லவே கூடாது. பெற்றவள் வாய் மூடினாலும் கால் மூடாது, அங்கே போய் நிற்பாள், அவள் தடத்தைப் பிடித்து அவன் வந்துவிடுவான் என்பது என் மாமியாரின் விளக்கம். பிள்ளையைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தவர் அவர்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முதல் வருஷம் என் வீட்டுக்காரரைத் தினமும் கேட்டேன். அப்புறம் ஐப்பசிக்கு ஐப்பசி கேட்டேன். அவருடைய பதில் மாறியதே இல்லை.

"நல்ல எடத்துலதான் இருக்கா. கேக்காத."

மகன் பிறந்து, வளர்ந்து, திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு கேட்பதையும் விட்டுவிட்டேன். விட்டேனே தவிர மறக்கவில்லை. போய் உட்கார்ந்து அழ ஒரு சாண் மண், அவ்வளவுதான் நான் வேண்டியது. தோட்டத்தில் களை எடுக்கிறபோது எந்த இடத்திலாவது மண் கொஞ்சம் மேடாக இருந்தால் கை தானாக நின்றுவிடும்.

தோட்டம் என்றால் காப்பித் தோட்டம். பண்ணைக்காட்டுக்குக் கீழே, காப்பியும் மிளகும் ஊடே மலைவாழையுமாக, என் அப்பா கல்யாணத்துக்கு எனக்கு எழுதிக் கொடுத்தது. அதன் மேல் கோடியில் கல்லுமேடு இருக்கிறது. வட்டமாகக் கற்கள் நட்டு, நடுவில் மண்ணும் கல்லும் குவித்து, அதற்குள் பலகைக் கல்லால் பெட்டி போல மூன்று அறைகள். ஊரில் அதைக் குள்ளர் வீடு என்பார்கள். அந்தக் காலத்தில் முழ உயரத்து மனிதர்கள் குடியிருந்தார்களாம். மேட்டின் மேல் முள்ளுமுருங்கை நட்டு மிளகுக்கொடி ஏற்றியிருந்தோம். மேற்குப் பக்கத்து அறையின் மூடுகல் எந்தக் காலத்திலோ நகர்ந்து, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. அதன் வாயை ஒரு குண்டுக்கல் அடைத்திருக்கும்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். லைப்ரரியில் கிடைத்ததை எல்லாம் வாசிப்பேன். படித்த கர்வமும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மேட்டைப் பார்த்துவிட்டு, இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஈமக்காடு, தோண்டிப் பார்க்க அனுமதி கொடுங்கள் என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் தோட்டத்தில் சரித்திரம். வீட்டுக்காரர் ஒரே பிடியாக மறுத்தார். பேராசிரியரும் விடாமல் மூன்று வருஷம் வந்து கேட்டார்.

"செத்தவுக எடத்த நோண்டுறது நமக்கு வேண்டாத சோலி" என்றார் இவர்.

"செத்து ரெண்டாயிரம் வருஷமாச்சு. அவுகளுக்கும் உங்களுக்கும் என்ன பங்காளி மொறையா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஊரெல்லாம் புதையலுக்குத்தான் மனுஷன் பயப்படுகிறார் என்று பேசிக்கொண்டது. எனக்கு அவமானமாக இருந்தது. நான்காம் வருஷம் பட்டா என் பெயரில் இருக்கிறது, நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்று இரண்டு வேளை அவர் சாப்பிடவில்லை. அப்புறம் பேராசிரியரிடம் போய்ச் சொன்னார்.

"தோண்டுங்க சார். மேக்கால இருக்குற அறைய மட்டும் தொடாதீங்க. அங்கன பாம்பு கெடக்கு."

பேராசிரியர் சரி என்றார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். அந்த மேட்டில் இத்தனை வருஷம் மிளகு பறித்திருக்கிறோம், ஒரு சாரைப்பாம்பைக்கூட நான் பார்த்ததில்லை.

தை மாதம் வேலை தொடங்கியது. பேராசிரியர், அவரிடம் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண், உள்ளூரில் கூலிக்கு வந்த ஆட்கள். தோண்டிய மண்ணைச் சலிக்கப் பெண்களை வைத்தார்கள். நானும் சல்லடை பிடித்தேன். கூலிக்காக இல்லை, என்ன வருகிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். நூல் கட்டிக் கட்டம் பிரித்து, கரண்டியால் சுரண்டி, மண்ணைப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். அந்தப் பெண் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். ஓட்டுச் சில்லைப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லக் கற்றுக்கொடுத்தாள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்றால் பழசு.

முதல் அறைக்குள் முள்ளுமுருங்கை வேர் இறங்கி எல்லாவற்றையும் நொறுக்கியிருந்தது. இரண்டாவது அறையைப் புதையல் தேடியவர்கள் எப்போதோ காலி செய்திருந்தார்கள். பத்து நாள் வேலைக்கு ஒரு கூடை ஓடு மிஞ்சியது. இதற்குள் தைப்பூசம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் மாலை போட்டு, பழனிக்கு நடைப்பயணம் கிளம்பினார். வருஷா வருஷம் போகிறவர், இந்தத் தடவை வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தார். போய் வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் அனுப்பினேன். மாலை போட்டால் செல்போனைத் தொட மாட்டார். அது சாமி படத்துக்குக் கீழே கிடந்தது.

அவர் போன மறுநாள், வேலையை மூடிக்கொண்டு கிளம்பலாம் என்று பேராசிரியர் சொன்னார். அந்தப் பெண் குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு வருஷப் படிப்பு அவளுக்கு ஒன்றுமில்லாமல் போகிறது. எனக்குப் பாவமாக இருந்தது. பாவம் மட்டும் இல்லை. மூன்று வருஷம் என்னை ஊரில் தலைகுனிய வைத்த மனுஷன் மேல் இருந்த வீம்பும் சேர்ந்துகொண்டது.

"மூணாவதயும் தோண்டுங்க சார்."

"வீட்டுக்காரர் வேண்டாம்னாரேம்மா?"

"பட்டா என் பேர்ல இருக்குங்க. பாம்பு வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரியைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

மறுநாள் குண்டுக்கல்லைப் புரட்டி, கடப்பாரை போட்டு மூடுகல்லை நகர்த்தினார்கள். பேராசிரியர் ஏதோ கடிதம் வாங்கத் திண்டுக்கல் போயிருந்தார். அறைக்குள் பாதிவரை மண். முழங்கால் ஆழம் போனதும் ஒரு பானை தட்டுப்பட்டது. எல்லோரும் ஓடிப் போய்ப் பார்த்தோம். செக்கச்செவேல் என்று சந்தைப் பானை. வாயில் துணி கட்டி மக்கிப் போயிருந்தது, கட்டிய நீல நைலான் கயிறு மட்டும் மக்காமல் இருந்தது. மிளகுக்கொடி கட்ட எல்லாத் தோட்டத்திலும் வாங்குகிற கயிறுதான். தூக்கும்போதே பானை இரண்டாகப் பிளந்தது. உள்ளே மண்ணோடு மண்ணாகக் குச்சி குச்சியாகச் சின்ன எலும்புகள். முட்டை ஓடு மாதிரி மெல்லிய சில்லுகள்.

"இது பழசு இல்லக்கா. நைலான் இருக்கு பாருங்க. கோழி எலும்பா இருக்கும்" என்றாள் அந்தப் பெண்.

பக்கத்தில் சல்லடை பிடித்தவள் இரண்டு எட்டு பின்னால் போனாள்.

"ஏத்தா, கோழியும் முட்டையும் வச்சு வாய் கட்டியிருக்கு. இது செய்வினை. ஒங்க தோட்டத்துல எவனோ வச்சிருக்கான்."

திருப்பூரில் என் மருமகள் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள், ஏழாம் மாதம். என் தலைச்சன் போனதற்கும் இதுதான் காரணமோ என்றுகூட அப்போது நினைத்தேன். இந்தப் பானைதான் என் பிள்ளையைக் கொண்டுபோனது என்று. அப்படியே நினைத்தேன். இதை எழுதும்போது என் கையை எதிலாவது வைத்து இடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அந்தப் பெண் எலும்புகளைச் செய்தித்தாளில் பரப்பி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தாள். சார் வந்து பார்க்கட்டும் என்று பையில் போட்டு, அவர்கள் சாமான் வைக்கப் போட்டிருந்த கொட்டகையில் வைத்தாள். செய்வினையை வீட்டெல்லையில் வைக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். இது பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட எங்கள் ஊரில் தெரியும். அவளிடம் சொன்னேன். அவள் சிரித்து, என் தோளில் கை வைத்து, படித்தவங்க நீங்களே இப்படிப் பேசலாமா என்றாள். படித்தவள் என்ற பேச்செல்லாம் மருமகள் வயிற்றுக்கு முன்னால் நிற்கவில்லை.

மறுநாள் வெள்ளனே, பனி விலகும் முன்னால், கொட்டகைக்குப் போய்ப் பையையும் பானை ஓட்டையும் எடுத்தேன். தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு, தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற ஓடைக்கு இறங்கினேன். முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடது கையால் எறிந்தேன். த்தூ என்று மூன்று தரம் துப்பினேன். திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறி வந்து காலைக் கழுவினேன். பை கனமே இல்லை.

பேராசிரியர் வந்து அந்தப் பெண்ணைத் திட்டினார். நான்தான் எறிந்தேன் என்று சொன்னேன். என்னைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. அண்மைக்காலத்து விஷயம்தானே, போகட்டும் என்றார்.

அதற்கடுத்த மூன்று நாளில் அந்த அறை தன்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்தது. பானை இருந்த மண்ணுக்குக் கீழே ஒரு பலகைக் கல். அதைத் தூக்கினால் தாங்கிகளின் மேல் கறுப்பு சிவப்புக் கலயங்கள். துருவேறிய ஓர் அரிவாள். நடுவில் துளை போட்ட சிவப்பு மணிகள். ஒரு பெரிய கலயத்துக்குள் எலும்புகள். ஆளை முதலில் வேறெங்கோ வைத்து, காலம் போன பிறகு எலும்பை மட்டும் பொறுக்கிக் கழுவி இங்கே கொண்டுவந்து வைத்திருக்கலாம் என்று பேராசிரியர் விளக்கினார்.

நான் அந்தக் கலயத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருத்தி தன் ஆளின் எலும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தண்ணீரில் கழுவியிருக்கிறாள், கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன். வீட்டிலிருந்து சூடமும் செவ்வந்திப் பூவும் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பெண் அதையும் படம் எடுத்தாள். ரெண்டாயிரம் வருஷத்து ஆளுக்குப் பூ வைத்தேன் நான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தாளாம் ஒருத்தி. அவளாவது வெண்ணெயைச் சாக்கடையில் கொட்டவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். வீட்டுக்கு வரவில்லை, பஞ்சாமிர்த டப்பாவும் தோள்பையுமாக நேரே மேட்டுக்குப் போயிருக்கிறார். நான் போனபோது மூன்றாவது அறையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். கிடைத்ததை எல்லாம் நான் வரிசையாகச் சொன்னேன், மணி, அரிவாள், கலயம் என்று. அவர் ஒன்றையும் கேட்கவில்லை.

"மேல ஒரு பானை இருந்துச்சே. அத எங்க வச்சிருக்காக?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெருமையாகச் சொன்னேன்.

"செய்வினைங்க அது. எவனோ நம்ம குடும்பத்துக்கு வச்சது. நானே எடுத்து ஓடையில விட்டுட்டேன்."

அவர் தோள்பையை இறக்கினார். பஞ்சாமிர்த டப்பாவைக் கல்லின் மேல் வைத்தார். காலில் கொப்புளங்களோடு ஓடைக்கு இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் கல்லிடுக்கைத் துழாவ ஆரம்பித்தார். என்னங்க, என்னங்க என்று கரையில் நின்று கூப்பிட்டேன். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"அது பாப்பா, ஆத்தா. நம்ம பாப்பா."

நானும் தண்ணீரில் இறங்கினேன்.

அன்றும் அடுத்த மூன்று நாளும் தேடினோம். வாழைத்தோப்பு வரை, அதற்குக் கீழே ஓடை பாறையிலிருந்து விழுகிற இடம் வரை. பானையின் வாய் ஓடு ஒன்று கிடைத்தது. எலும்பாக ஒன்றும் இல்லை. கடைசி நாள் கரையில் உட்கார்ந்தபோதுதான் அவரிடம் சண்டை போட்டேன். அறையைத் தோண்டாதே என்று சொன்ன வாய், ஏன் என்று சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை போதுமே. தொண்டை கட்டுகிற மட்டும் கத்தினேன்.

"சொன்னா நீ தெனமும் அங்கன போய் நிப்பே" என்றார். "எவனும் வந்து கல்லத் தூக்க மாட்டான்னுதான் அங்கன வச்சேன். முப்பது வருஷம் எவனும் வரல."

எவனும் வரவில்லை, உண்மைதான். மந்திரவாதி செய்வான் என்று பயந்ததை எல்லாம் நான் ஒருத்தியே செய்து முடித்துவிட்டேன்.

விஷயம் தெரிந்து அந்தப் பெண் ஓடி வந்தாள். பேராசிரியர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பிறந்த சிசுவின் எலும்பு, அந்தச் சில்லுகள் மண்டையோடு என்று சொல்லியிருக்கிறார். என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மேல் என்ன குற்றம்? வைத்திருக்கத்தான் அவள் சொன்னாள். செல்போனை நீட்டி, இந்தப் படம் வேண்டுமா அக்கா என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். செய்தித்தாளின் மேல் குச்சி குச்சியாக வரிசையாக இருந்தாள். அளவுகோல் போட்டிருந்ததால் எவ்வளவு சின்னவள் என்று தெரிந்தது. எனக்கு அனுப்பச் சொன்னேன். வீட்டுக்காரர் இதுவரை அதைப் பார்க்கவில்லை.

கலயங்களையும் மணிகளையும் பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டி எடுத்துப் போனார்கள். மாதிரி மாதிரியாகச் சோதனைக்கு அனுப்புவார்களாம். பேரன் நல்லபடியாகப் பிறந்தான். எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஊரில் சிலர் வருகிறார்கள். அவர்களுக்கு நான் காப்பி கொடுப்பதில்லை.

ஓடை பக்கம் நான் போவதில்லை. அழுவதற்கு ஓர் இடம் கேட்டேன், இப்போது அந்தத் தண்ணீர் போகிற ஊரெல்லாம் அவள் கிடக்கிறாள். அதில் எங்கே போய் உட்காருவது? போன ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஒரு மதியம், வீட்டுக்காரர் கட்டிலில் சும்மா படுத்திருந்தார். முப்பது வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"மொகம் எப்படி இருந்துச்சு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"நான் பாக்கலத்தா. அம்மா துணி சுத்திதான் கையில குடுத்தாக. ஒனக்குக் காட்டாத மொகத்த நான் மட்டும் எப்புடிப் பாக்க?"

அப்படியானால் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. நான் பெற்ற பிள்ளையை நான் கையில் எடுத்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான். எடுத்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் மேல் மூன்று தரம் துப்பிவிட்டு வந்தேன்.